அத்தான் வார்த்த கால்

என் மேசை இழுப்பறையில் ஒரு கணவாய் ஓடு கிடக்கிறது. கிளிக்கூண்டுக் கம்பியில் செருகி வைப்பார்களே, அந்த வெள்ளை ஓடுதான். நீளவாக்கில் அறுத்ததில் ஒரு பாதி. அதன் நடுவில் ஒரு சின்னப் பாதம் குழிந்திருக்கிறது. ஐந்து விரல், விரலுக்கு ஒரு நகம், கணுக்காலைச் சுற்றி ஒரு வளையம். குழி முழுக்கக் கருகிக் கிடக்கிறது. நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். பேனா தேடி இழுப்பறையைத் திறக்கிற சக ஊழியர்கள், மூட்டுவலிக்கு ஏதோ நாட்டு மருந்து என்று அவர்களாகவே முடிவு செய்து, கொஞ்சம் உரசித் தரச் சொல்லிக் கேட்டதும் உண்டு. மருந்து கொடுக்கிறவள் மேசையில் மருந்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது போலிருக்கிறது. அது என் அக்காவின் பாதம். செதுக்கியவர் அத்தான்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். குவைத்தில் பல வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, கீரமங்கலத்துக்குத் திரும்பி வந்து ஃப்ரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்தார். செப்புக் குழாய்களை ஒட்டவைக்க வெள்ளி கலந்த குச்சி ஒன்று உண்டு. அந்தக் குச்சி உருகி, தண்ணீரைவிட வேகமாக ஓடி, இடுக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்வதை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்தே தன் புத்தி தன்னிடம் இல்லை என்று அவரே சொல்வார். மற்றவர்கள் குவைத்திலிருந்து கம்பளியும் கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் இந்தப் பித்தைக் கொண்டுவந்தார். வாரம் முழுக்கக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கொல்லைப்புறத்தில் வெள்ளி உருக்குவது. விற்பதற்கு இல்லை, யாருக்கும் பரிசு கொடுப்பதற்கும் இல்லை. சும்மா, ஆசைக்கு. இப்போது அக்காவோடு சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த அடுக்குமாடி வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினாலே கூரையில் ஏதோ ஒன்று கத்துகிறதாம். வீடியோ காலில் வரும்போதெல்லாம் கையில் எதையாவது வைத்து உருட்டிக்கொண்டே பேசுகிறார். போன தடவை அது பேரனின் களிமண்.

கீரமங்கலத்தில் துணி துவைக்கும் கல்தான் அவருடைய பட்டறை. அதன்மேல் ஒரு செங்கல், செங்கல்மேல் மூசை என்று அவர் சொல்லும் உருக்குக் கிண்ணம், கிண்ணத்தில் வெள்ளி, வெள்ளிமேல் அது இளகி ஓட ஒரு சிட்டிகை வெங்காரப் பொடி. கடையிலிருந்து கொண்டுவந்த கேஸ் டார்ச்சை அவர் பற்றவைத்தால், கொடியில் காயும் துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு அக்கா உள்ளே ஓடிவிடுவாள். வெள்ளி முதலில் சிவக்கும். பிறகு தொய்யும். பிறகு திடீரென்று கண்ணாடி மாதிரி ஒரே உருண்டையாகத் திரண்டு கிடுகிடுவென்று ஆடும். அந்த நேரத்தில் அத்தானிடம் யாரும் பேசக் கூடாது. ஒருமுறை அந்த நேரம் பார்த்து நான் "சாப்பிட வாங்கத்தான்" என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். வெள்ளி துவைக்கும் கல்லில் வழிந்து ஓடி வாழைமரத்தடியில் போய் நின்றது. அந்த மரம் அதற்கப்புறம் குலை தள்ளவில்லை. அதற்கு அவர் இன்றுவரை என்னைத்தான் குறை சொல்கிறார்.

உருக்குவதற்கு அவரிடம் இருந்த வெள்ளியோ ஒன்றே ஒன்றுதான்: அக்காவின் ஒற்றைக் கொலுசு. அதன் ஜோடி ஒரு நாள் பூச்சந்தை நெரிசலில் காலிலிருந்து கழன்று தொலைந்துவிட்டது. கல்யாணத்துக்கு எங்கள் அம்மா போட்டது என்பதால், மிச்சமிருந்ததைக் கடையில் கொடுத்து மாற்ற அக்காவுக்கு மனம் வரவில்லை. ஒற்றைக் கொலுசை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய், அழகாக ஏதாவது செய்து தருகிறேன் என்று அத்தான் கேட்டார். அக்கா நம்பிக் கொடுத்தாள். அன்று முதல் அந்த வெள்ளி எந்த உருவத்திலும் நிலைத்து இருந்ததில்லை. சாவி வளையமாக இருந்தது. கரண்டியாக இருந்தது, கரண்டியில் ஓட்டை இருந்தது. குங்குமச் சிமிழாக ஆகி, மூடியும் கிண்ணமும் ஒரே கட்டியாக இறுகிப்போய், திறக்க முடியாத சிமிழாகச் சாமி மாடத்தில் கொஞ்ச நாள் இருந்தது. எது வந்தாலும் அத்தான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முகம் சுருங்கும். "இன்னொரு தடவ உருக்குனா சரியா வந்துரும்" என்பார்.

ஒருமுறை பிள்ளையார் செய்தார். வெள்ளி தும்பிக்கை வரைக்கும் போய்ச் சேராமலே இறுகிவிட்டது. சாமியை எப்படி மறுபடி நெருப்பில் போடுவது என்று அக்கா அழாத குறை. "தும்பிக்கை விழாத வரைக்கும் அது பிள்ளையாரு இல்ல" என்றார் அத்தான். "அப்ப அது யாரு?" என்றாள் அக்கா. அத்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தொந்தி உள்ள யாரோ ஒரு ஆளு" என்றார். அடுத்த ஞாயிறு அந்த ஆளையும் உருக்கிவிட்டார். "அம்மா போட்ட கொலுசு இன்னைக்கு என்னவா இருக்குன்னு காலையில எந்திரிச்சதும் விசாரிச்சுக்கிட வேண்டியதா இருக்குடி" என்று அக்கா என்னிடம் போனில் சொல்வாள். கோபம் மாதிரிதான் சொல்வாள். ஆனால் டார்ச் அணைந்ததும் முதலில் எட்டிப் பார்க்கிறவளும் அவள்தான்.

அப்படியே போயிருந்தால் இதை எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. ஒரு பலாப்பழக் காலத்தில் அத்தான் அக்காவை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, அவள் மடியில் ஒரு முழுப் பழத்தையும் வைத்து, ஆலங்குடிச் சாலையில் வந்துகொண்டிருந்தார். மூசையை எப்படிச் சூடாக்கினால் விரிசல் விடாது என்று யோசித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். வேகத்தடையைப் பார்க்கவில்லை. அத்தானுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பழத்துக்கு ஒன்றுமே இல்லை. அக்காவுக்கு இடது கணுக்காலில் எலும்பு முறிந்துவிட்டது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். சட்டை முழுக்க மண்ணும் பலாப்பாலுமாக அத்தான் வராந்தாவில் நின்றார். சாமி விஷயத்தில் எப்போதும் பட்டும் படாமலும் இருக்கிற மனிதர், சுவரில் தொங்கிய மாரியம்மன் காலண்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, இவ எந்திரிச்சு நடக்கட்டும். என் கையாலயே வெள்ளிக்கால் வார்த்துக் கொண்டாந்து ஒனக்குப் போடுறேன்" என்று எல்லாரும் கேட்கும்படி அழுதார். கையிலோ காலிலோ கோளாறு வந்தால், அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் வாசலிலேயே விற்கும். ஆனால் அத்தான் வாங்கிப் போடுவதாகச் சொல்லவில்லை, வார்த்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார். எக்ஸ்ரே அறைக்குள் படுத்திருந்த அக்காவின் காதிலும் அது விழுந்துவிட்டது. நான் உள்ளே போனதும், அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு எதுக்குடி இப்படி வாயக் குடுக்குறாரு" என்றாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. இனி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் காலை ஊன்ற வேண்டும், ஊன்றாமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அக்கா வாக்கரைப் பிடித்தாள். வலது காலில் நின்றாள். இடது காலை மடக்கித் தூக்கிக்கொண்டு, கொக்கு மாதிரி தத்தித் தத்தி வீட்டை ஒரு சுற்று வந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். ஊன்றச் சொன்னால் மாட்டேன் என்றாள். நேர்ந்த கால் கோயிலுக்குப் போகாமல் தன் கால் தரைக்கு வராது என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேர்ந்ததே அவள் நடந்த பிறகு செலுத்துவதாகத்தான் என்று எடுத்துச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவளுடைய மொத்தக் குடித்தனமும் இருந்தது. "நான் நடந்ததுக்கு அப்புறம் இவரு செஞ்சு முடிப்பாருன்னு ஆத்தா வேணா நம்பலாம். நான் நம்ப மாட்டேன்" என்றாள். அத்தான் வார்த்த எதுவும் அதுவரை முடிந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அவளுக்குப் பயம். காலைக் கீழே வைத்தால் மறுபடி முறிந்துவிடும் என்று உள்ளுக்குள் நடுங்கினாள். பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம். நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது. நாளாக ஆக அந்தக் கால் சூம்பிக்கொண்டே வந்தது. யார் யாருக்கோ தைரியம் சொல்லி அனுப்புகிற எனக்கு, கூடப் பிறந்தவளின் காலைத் தரையில் வைக்கச் செய்ய முடியவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் நினைப்பு.

ஆக, என் அக்கா நடப்பதா முடமாவதா என்பது அத்தானின் வார்ப்பில் வந்து நின்றது. மண் அச்சில் விரல் நுணுக்கம் வராது என்று அவர் கணவாய் ஓட்டுக்கு மாறினார். கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போய் ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தார். ஓட்டை இரண்டாக அறுத்து, வழவழவென்று தேய்த்து, மாதிரி உருவத்தை நடுவில் வைத்து அழுத்தினால் வெண்ணெயில் பதிவதுபோல் பதிந்துவிடும். இரண்டு பாதியையும் கம்பியால் இறுக்கிக் கட்டி, மேலே வெட்டிய வாய் வழியாக வெள்ளியை ஊற்ற வேண்டும். ஊற்றியதும் ஓடு எரிந்து, கருவாட்டைக் கரியாக்கின மாதிரி ஒரு நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும். ஆடி மாதம் வேறு. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "கோயில்ல காப்புக் கட்டியிருக்கு, இப்பப் போயி கருவாடா சுடுறீங்க?" என்று கேட்டார். அக்காவுக்கு மானமே போய்விட்டது. ஆத்தாளுக்குச் செய்கிற காலைப் போய் இதில் வார்க்கலாமா என்று அத்தானைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாளுக்குக் கெடா வெட்டுறோம். கணவாய்க்கு மட்டும் கோவிச்சுக்குமா?" என்றார் அத்தான். பதிலுக்கு மட்டும் அவரிடம் குறைவே இருந்ததில்லை.

முதல் கால், மகள் சின்ன வயதில் வைத்திருந்த பொம்மையின் காலைப் பிடுங்கிப் பதித்தது. வெள்ளி விரல்களுக்குப் போகாமல் பாதத்தோடு நின்றுவிட்டது. "மாட்டுக்கு நேர்ந்துக்கிட்டதா ஆத்தா நெனச்சுக்கப் போகுது" என்றாள் அக்கா. அடுத்ததில் விரல்கள் விழுந்தன. ஆனால் ஓடுகள் சரியாகச் சேராததால் வெள்ளி விரலிடுக்குகளில் கசிந்து வாத்துக்கால் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே வெளிச்சம், அதே முகச் சுருக்கம், அதே வசனம். பொறுக்க மாட்டாமல் நான் கோயில் வாசலில் ஒரு தகட்டுக் காலை வாங்கிவந்து அக்காவின் முன்னால் வைத்தேன். அக்கா அதைத் தொடவில்லை. அத்தான் பார்த்தார். கொல்லைக்குப் போய்விட்டார். பின்னால் போய்ப் பார்த்தால் துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தார். "நான்தாம்மா அவளக் கீழ தள்ளுனேன். நான் செஞ்சு போட்டாத்தான் எனக்கு அது தீரும்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. தகட்டுக் காலை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் பொம்மையை விட்டுவிட்டு, அக்காவின் காலையே பார்த்துச் செதுக்குவது என்று இறங்கினார். அவளுடைய இடது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, மடியில் ஓடும் கையில் கோணியூசியுமாக உட்கார்ந்துவிட்டார். ஊசியால் சுரண்டுவார், வாயால் ஊதுவார், காலைக் குனிந்து பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அத்தான் அக்காவை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. அக்காவுக்கும் கூச்சம் தாங்கவில்லை.

"சுண்டுவிரலு இம்புட்டுக் கோணலாவா இருக்கு?"

"இருக்கு. பாத்துத்தான செதுக்குறேன்."

"கணுக்காலுல என்னது, கோடு?"

"கொலுசு. தொலைஞ்சதுக்குப் பதிலா போட்டு விட்டுருக்கேன்."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு ஊற்றியது அப்படியே இறங்கியது. கம்பியை வெட்டி ஓட்டைப் பிரித்துத் தண்ணீரில் போட்டதும் 'சுர்' என்றது. புளித்தண்ணீரில் கொதிக்கவைத்துத் தேய்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பாதம். ஐந்து விரல், நகம், கொலுசு, கோணல் சுண்டுவிரல் எல்லாம் இருந்தன. அத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக முகம் சுருங்கவில்லை. கொண்டுபோய் அக்காவின் மடியில் வைத்தார். அக்கா அதை எடுத்துத் தன் இடது காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, கட்டைவெரலு அங்கிட்டுல்ல இருக்கு?"

"எங்கிட்டு இருக்கணும்?"

"இங்கிட்டு. இது வலது காலு."

 அத்தான் சட்டென்று சமாளித்தார். "இது உள்ளங்கால் பக்கமா இருந்து பாக்குறது. அப்படிப் பாத்தா இடதுதான்."

"அப்ப உள்ளங்கால்ல எதுக்கு நகம்?"

என்ன நடந்தது என்று எனக்குத்தான் முதலில் புரிந்தது. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கமாகத்தான் இருக்கும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அத்தானோ கண்ணால் கண்ட காலை அப்படியே குழியாகச் செதுக்கிவிட்டார். வார்த்து எடுத்தபோது இடது வலதாகிவிட்டது. பொம்மைக்காலை அழுத்திப் பதித்தவரை இந்தச் சங்கடம் இல்லை. இதை நான் விளக்கிச் சொன்னதும், "இந்த ரோசனை ஒனக்கு நேத்தே வந்திருக்கக் கூடாதாம்மா?" என்று பாவமாகக் கேட்டுவிட்டு இடுக்கியைத் தேடினார். "பரவால்ல, இன்னொரு தடவ உருக்குனா..."

அக்கா வெள்ளிக்காலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். "உருக்க வேணாம். இத்தன நாளும் ரெண்டு காலு பாரத்தையும் இந்த வலது காலுதான் சுமந்துச்சு. ஒடஞ்ச காலுக்குக் கட்டு, மாத்திரை, தலகாணி, எல்லா உபசாரமும். இத ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. இதுக்குத்தான் போடணும்."

"நான் நேர்ந்தது இடது காலுக்குல்ல!"

"வெள்ளிக்கால்னுதான் சொன்னீங்க. எந்தக் காலுன்னு சொல்லல. உள்ள படுத்து நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். ஆட்டோவக் கூப்புடுங்க."

கோயிலில் கூட்டம் இருந்தது. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் ஒற்றைக்காலில் தத்தி வந்தாள். பூசாரி தட்டில் இருந்த காலைப் பார்த்துவிட்டு எந்தக் கால் முறிந்தது என்று விசாரித்தார். இடது என்றோம். "இது வலது மாதிரில்ல இருக்கு" என்றார். அத்தான் தலையைத் தொங்கப்போட்டார். அக்கா அசரவில்லை. "ஆத்தா எதிர்த்தாப்புல நின்னுல்ல பாக்குறா. அவளுக்கு அங்கிட்டு இருந்து பாத்தா இடதாத்தான் தெரியும்" என்றாள். பூசாரிக்கு அது நியாயமாகப் பட்டது போலிருக்கிறது. தீபம் காட்டி, அம்மன் காலடியில் வைத்து எடுத்து அத்தானிடம் கொடுத்து, உண்டியலில் போட்டுவிடச் சொன்னார்.

உண்டியல் முன்னால் போய் நின்றதும்தான் அத்தான் கையில் பிடித்திருந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.  அவர் முகம் சுருங்க ஆரம்பித்தது.

"போடுங்க" என்றாள் அக்கா, கொஞ்ச தூரத்தில் வாக்கரோடு நின்றபடி.

"இந்தச் சுண்டுவிரலு நகம் மட்டும் சரியா விழல."

"பரவால்ல, போடுங்க."

"போட்டா அப்புறம் எடுக்க முடியாதுல்ல. இன்னும் ஒரே ஒரு தடவ. அடுத்த ஞாயித்துக்கெழம இடது காலாவே கொண்டாந்துருவோம்." சொல்லிக்கொண்டே அதைச் சட்டைப்பைக்குள் கொண்டுபோனார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கால் வீட்டுக்குத் திரும்பினால் அக்கா இனி எழுந்திருக்கவே மாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பிடுங்கலாம் என்று நான் ஒரு எட்டு வைப்பதற்குள் அக்கா என்னைத் தாண்டிப் போய்விட்டாள். ஒரு கையால் அத்தானின் மணிக்கட்டைப் பிடித்து, மறுகையால் விரல்களைப் பிரித்து, வெள்ளியைப் பிடுங்கி உண்டியலில் போட்டாள். உள்ளே சில்லறைமேல் விழுந்த சத்தம் கேட்டது.

அத்தான் குனிந்து உண்டியல் வாய்க்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு நிமிராமலே அக்காவின் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் இருந்தன.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது" என்றாள் அக்கா. காலை எடுக்கவில்லை.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ வரைக்கும் நடந்தாள். அத்தான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. வழி நெடுக அந்த இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தவர், "கொஞ்சம் சாச்சு வைக்கிறடி" என்றார்.

"அதுக்கு என்ன, உருக்கப் போறீங்களா?" என்றாள் அக்கா.

வாக்கர் அவள் விட்ட இடத்திலேயே தனியாக நின்றுகொண்டிருந்தது. நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.